நாற்பத்தைந்து என்று போடாதே

அன்புள்ள செல்வாவுக்கு,

அன்றைக்குப் போனை முதலில் வைத்தது நீ என்று நான் சொல்கிறேன். நான்தான் என்று உன் அம்மா சொல்கிறாள். யார் வைத்தது என்பதில் சந்தேகம் இருக்கலாம், யார் கத்தியது என்பதில் சந்தேகம் இல்லை. அதன் பிறகு நீ அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய். கல்யாணப் பத்திரிகையில் யார் பெயரை எங்கே போடுவது என்பதைக்கூட அம்மா வழியாகத்தான் கேட்டாய். ஆவணி பிறந்தால் கல்யாணம். அதற்குள் இதைச் சொல்லி முடித்துவிட வேண்டும். போனில் சொன்னால் கத்துவேன். தனிக் கடிதமாக எழுதினால் திட்டுவேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதினால் கொஞ்சம் அடக்கமாக இருப்பேன் என்றுதான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். உன் வயதுப் பிள்ளைகள் வேறு யாருக்காவது பயன்பட்டால் படட்டும். அது என் நோக்கம் இல்லை.

படிப்பவர்களுக்கு நடந்தது தெரிய வேண்டும். பெங்களூரில் வேலை பார்க்கிற நீ, கல்யாணத்துக்கு முன்னால் பொறுப்பான மனிதனாகிவிட வேண்டும் என்று ஒரு தனியார் ஓய்வூதியத் திட்டத்தில் சேரப் புறப்பட்டாய். மாதாமாதம் நாம் கட்டுவோம்; நாம் சொல்கிற வயது வந்ததும் கட்டுவது நின்று வாங்குவது தொடங்கும். அந்த வயதைச் சேரும்போதே சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை நீ கூப்பிட்டாய்.

“அப்பா, எல்லாம் நெரப்பியாச்சு. ரிட்டயர் ஆகுற வயசு மட்டும் பாக்கி. நாப்பத்தஞ்சுன்னு போடப்போறேன்.”

“என்னது?”

“நாப்பத்தஞ்சுப்பா.”

“ஏலே, நாப்பத்தஞ்சு வயசுல நான் ஒன் காலேஜுக்கு ஃபீஸ் கட்டிக்கிட்டு இருந்தேன்.”

“அதான்பா.”

“என்ன அதான்? ஒழைக்கச் சோம்பலா இருக்குன்னு நேரா சொல்லு. பதினெட்டு வருசம் ஏசில ஒக்காந்துட்டு ஒனக்கு ஓய்வு வேற கேக்குதோ?”

அதற்கு மேல் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, கையில் இருந்த கரண்டியோடு வந்து நின்றாள். நீ ‘அதான்பா’ என்று சொன்னதோடு சரி. அந்த ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியதில்லை.

நான் அப்படிக் கத்தியதற்கு உன் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. நீ கூப்பிட்ட அதே வாரத்தில் என் திட்டத்திலிருந்தும் எனக்குத் தகவல் வந்திருந்தது. அடுத்த மாதம் எனக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. நான் குறித்துக் கொடுத்த ஓய்வு வயது அதுதான். இப்போதே பென்ஷன் வாங்கத் தொடங்கலாம், அல்லது வேறு வயதுக்குத் தள்ளிப்போடலாம், என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டிருந்தார்கள். தள்ளிப்போட்டால் போட்டதுதான், பிறகு முன்னால் இழுக்க முடியாது. இப்போது எடுத்தால் மாதம் கைக்கு வருவது ஒல்லியாக இருக்கும். தள்ளத் தள்ளச் சதைபிடிக்கும். இதைப் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிற என்னிடமே கரும்பலகையில் படம் போட்டு விளக்குவதுபோல விளக்கியிருந்தார்கள்.

என் பதில் பல வருடங்களாகத் தயாராக இருந்தது. ஐம்பத்தைந்து முடிந்த மறுநாள் அந்தக் கல்லூரிக்கு ஒரு கும்பிடு. அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் கம்பத்திலிருந்து தேனிக்கு அத்தனை வருடம் பேருந்தில் போய் வந்தேன். சின்னமனூர் தாண்டும்போது தூக்கம் வரும். கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் எத்தனை வருடம் என்று எண்ணுவேன். நீ நாற்பத்தைந்து என்று சொன்னதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. பெற்ற பிள்ளைமேல் பொறாமை என்று எழுதுவது அசிங்கம்தான். ஆனாலும் அதுதான் இருந்தது.

ஐம்பத்தைந்து என்ற எண் எப்படி வந்தது தெரியுமா? நீ எல்கேஜி போகத் தொடங்கிய வருடம். எங்கள் கல்லூரியில் வணிகவியல் நடத்திய ஒருவர் பக்கத்தொழிலாக இந்தத் திட்டங்களுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் அறையில் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சார், ஒரு வயசச் சொல்லுங்க. அம்பதா, அம்பத்தஞ்சா, அறுவதா? பெல் அடிக்கப் போறான்” என்றார். நான் என் உடம்பை நினைக்கவில்லை, என் வேலையை நினைக்கவில்லை. உன்னை நினைத்தேன். உனக்கு இருபத்தேழு ஆகும்போது படிப்பு முடிந்திருக்கும், வேலை கிடைத்திருக்கும், கல்யாணம் நெருங்கியிருக்கும். அப்போது எனக்கு என்ன வயது? ஐம்பத்தைந்து. சரி, ஐம்பத்தைந்து போடுங்கள் என்றேன். பெல் அடித்தது, இருவரும் வகுப்புக்குப் போனோம். என் ஐம்பத்தைந்து என்பது உன்னுடைய இருபத்தேழு, அவ்வளவுதான். அதில் என்னுடையது ஒன்றும் இல்லை.

அந்த ஐம்பத்தைந்தும் நிஜம் இல்லை. உனக்கு இதை அரைகுறையாகச் சொல்லியிருக்கிறேன், இப்போது முழுதாகச் சொல்கிறேன். என் அப்பாவும் அம்மாவும் விடியும் முன்னே திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். உன் பெரியப்பா என்னைவிட நான்கு வயது மூத்தவர். மாட்டைப் பிடிக்க, வாய்க்காலில் மடை திருப்ப அவர் உதவியாக இருந்தார். மூன்று வயதுப் பிள்ளையான நான் எதற்கும் உதவாமல், எந்நேரமும் வாய்க்காலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் விட்டால் தண்ணீரில் விழமாட்டான், மதியம் சோறும் போடுவார்கள் என்று அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போனார். ஐந்து வயது ஆகிவிட்டதா என்று பார்க்க அப்போது ஒரே ஒரு சோதனைதான். வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட வேண்டும். என் கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது. தலைமை ஆசிரியர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

“சேத்துக்கிடுங்க சார். பய வளந்துருவான்” என்று சொல்லிக்கொண்டே அப்பா என் கழுத்தைப் பிடித்துத் தோள்மேல் சாய்த்து, கையை இழுத்துக் காதில் வைத்தாராம். “இந்தா தொட்டுட்டான்ல!”

தலைமை ஆசிரியர் சிரித்துவிட்டு, எல்லோருக்கும் எழுதுகிற ஜூன் மாதத் தேதியை எனக்கும் எழுதி, ஐந்து வயது ஆகும்படி வருடத்தைப் பின்னால் தள்ளிவிட்டார். இரண்டு வருடம் ஒரே நிமிடத்தில் ஏறியது. உன் பெரியப்பா அடுத்த வருடம்தான் சேர்ந்தார். அவருக்கு எட்டு வயது. மாடு மேய்த்தவனுக்கு எட்டு என்று எழுதினால் நாலாம் வகுப்பில் அல்லவா உட்கார வேண்டும்? அவருக்கும் ஐந்து என்றே எழுதினார்கள். ஆகச் சான்றிதழ்படி நான் என் அண்ணனுக்கு ஒரு வயது மூத்தவன். வீட்டில் அவரை அண்ணே என்பேன். பள்ளியில் அவர் எனக்கு ஒரு வகுப்பு கீழே.

இதில் சிரிக்க நிறைய இருக்கிறது, ஊரே சிரித்திருக்கிறது. நான் சிரித்ததில்லை. அரசுத் தேர்வுக்கான வயது வரம்பு எனக்கு இரண்டு வருடம் முன்னதாகவே மூடிக்கொண்டது. கடைசியாக ஒரு தேர்வில், எழுதுவதற்கான வயதைச் சில மாதங்களால் தாண்டிவிட்டேன் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. உடம்பில் அந்த வயது எனக்கு இல்லவே இல்லை. உன் பெரியப்பாவுக்கோ மூன்று வருடம் இனாம். கடைசி வாய்ப்பு, கடைசி வாய்ப்பு என்று எழுதி எழுதி அரசு வேலைக்குள் போய்விட்டார். பழைய ஓய்வூதியம். உயிர் உள்ளவரை அவருக்கு, அதன் பிறகு பெரியம்மாவுக்கு. அவர் எந்த வயதில் ஓய்வு பெறுவது என்று எந்தக் கட்டத்திலும் நிரப்பவில்லை. உன் நிச்சயதார்த்தத்தில் பந்திக்கு நடுவில் அவர் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். “ஏலே தம்பி, சர்ட்டிபிகேட்டுல நீதான எனக்கு அண்ணன்? அப்ப என் மகன் கல்யாணத்துக்கு நீ செஞ்ச மொறை பத்தாது பாத்துக்க.” எல்லோரும் சிரித்தார்கள். பெண் வீட்டாரும் சிரித்தார்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். பாயசம் வரவில்லை என்பதற்காக எழுந்தேன் என்று யாரோ நினைத்து, வாளியோடு என் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

என் வேலையைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சுயநிதிக் கல்லூரியில் கோடை விடுமுறை ஆசிரியர்களுக்குக் கிடையாது. ஊர் ஊராகப் போய் மாணவர் பிடித்து வர வேண்டும். இத்தனை பேர் என்று தலைக்கு ஒரு கணக்கு உண்டு. குறைந்தால் ஆனி மாதச் சம்பளம் தாமதமாகும். இந்தக் கோடையில் என்னை வருசநாட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு முதுகலைப் பட்டமும் ஆய்வுப் பட்டமும் பெற்றவன், கையில் வண்ணத் தாள்களோடு, வெயிலில் வீடு வீடாக நின்றேன். கூட வந்தவர் நான் பாடம் நடத்திய பையன், இப்போது எனக்குத் துறைத்தலைவர். ஒரு வீட்டில் பிளஸ் டூ முடித்த பெண் இருந்தாள். அவள் அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், ஒங்க காலேசுல படிச்சா வேல கெடைக்குமா?”

“நல்லாப் படிச்சா கண்டிப்பாக் கெடைக்கும்.”

“நீங்க நல்லாப் படிச்சீகளா?”

“படிச்சேன்.”

“அப்பறம் ஏன் சார் இந்த வெயில்ல தெருத்தெருவா வாரீக?”

அவர் என்னைக் கேலி செய்யவில்லை, செல்வா. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு மோர் கொடுத்தார். குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். ஐம்பத்தைந்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று அந்தத் தெருவிலேயே எண்ணினேன். இதை வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் அம்மா அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “சரி, வேலைய விட்டுட்டு வீட்ல ஒக்காந்து என்ன செய்யப்போறீக? ஒங்க அண்ணன நெனச்சுக்கிட்டே ஒக்காந்திருப்பீக. பஸ்ஸுல போனாலாவது பாதி நேரம் தூங்குறீக” என்றாள். இருபத்தெட்டு வருடம் கூட இருந்தவளுக்கு என்னைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடிகிறது.

ஒருவர் நாளை இன்னொருவருக்காகக் குறிப்பது நம் வீட்டில் என்னோடு தொடங்கவில்லை. பன்னீர் திராட்சைக்குக் கவாத்து அடித்தால் நாலு மாதத்தில் பழம் வரும் என்பது நீ அறிந்ததுதான். கொடியை எப்போது வெட்டுகிறோமோ அதுதான் அறுவடை நாளையும் தீர்மானிக்கிறது. நான் மதுரையில் எம்.ஏ. படித்தபோது, ஐப்பசியில் என் தேர்வுக் கட்டணமும் விடுதிப் பணமும் கட்ட வேண்டியிருந்தது. முந்தின காய்ப்பு முடிந்து கொடி ஓய்ந்து கிடந்தது. இன்னும் ஒரு மாதம் சும்மா விட வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். உன் தாத்தா ஆனியிலேயே கத்திரியை எடுத்துவிட்டார். ஐப்பசிக்குப் பழம் வந்தது. அதோடு மழையும் வந்தது. கொத்துக் கொத்தாகப் பழம் பந்தலிலேயே வெடித்துத் தொங்கியது. கேரளத்து வியாபாரி குனிந்தபடி பந்தலுக்கடியில் ஒரு சுற்று நடந்துவிட்டு, “இது ஜூஸுக்குக்கூட ஆகாது சேட்டா” என்று சொல்லி ஜீப்பில் ஏறிவிட்டார். என் அம்மாவின் காதுத் தோட்டை அடகு வைத்துத்தான் நான் தேர்வு எழுதினேன். “இவன் படிப்புக்கு ஒரு வெள்ளாமை போச்சு” என்று உன் பெரியப்பா இன்றைக்கும் சொல்வார். எனக்கு அவர்மேல் ஒரு பட்டியல் இருப்பதுபோல அவருக்கும் என்மேல் ஒன்று இருக்கிறது. அவருடைய பட்டியலில் இது முதல் வரி. அது பொய் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பவித்ரா கூப்பிட்டாள். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் தனியாக எனக்குப் போன் செய்வது அதுதான் முதல் முறை. வடுகபட்டியில் அவள் வீட்டில் ஏதாவது பிரச்சினையோ என்று பயந்துவிட்டேன்.

“மாமா, கோவத்துல இருக்கீகளா?”

“இல்லம்மா. சொல்லு.”

“அவுக ஏன் நாப்பத்தஞ்சு போட்டாகன்னு நீங்க கேக்கவே இல்லயாம்ல?”

“இதுல கேக்க என்னம்மா இருக்கு? வேல பாக்கச் சோம்பல்.”

“அப்ப ஒங்களுக்கு எழுபத்து மூணு ஆகுமாம் மாமா. ஒங்க ஆதார வச்சுக் கணக்குப் போட்டிருக்காக. தாத்தா விழுந்தப்ப அவுகளுக்கும் எழுபத்து மூணாமே. அதுக்குள்ள கம்பத்துக்கு வந்துரணும்னு சொல்றாக.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நான் சொன்னேன்னு சொல்லிராதீக மாமா.”

இப்போது ஊருக்கே சொல்லிவிட்டேன். அவளிடம் கோபப்படாதே. அவள் சொல்லாவிட்டால் நீ ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டாய்.

அந்த நாளைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை. நீ பிளஸ் ஒன் படித்த வருடம். உன் அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். தாத்தா தனியாகத் தோட்டத்துக்குப் போய் வாய்க்கால் வரப்பில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு போய்விட்டது. எழவும் முடியாமல், கூப்பிட்டாலும் கேட்க ஆள் இல்லாமல் கிடந்தார். நீ பள்ளி விட்டு வந்து, வீடு பூட்டியிருந்ததால் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தாய். அவரைத் தூக்க முயன்று, முடியாமல், எனக்குக் கூப்பிட்டிருக்கிறாய். தேர்வு மேற்பார்வை என்று எங்கள் போன்களை எல்லாம் அலுவலக அறையில் வாங்கி வைத்திருந்தார்கள். சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் நின்று போனைத் திறந்தபோது உன் பெயர் திரை முழுக்க வரிசையாக இருந்தது. அதற்குள் நீயே ரோட்டில் போன ஜீப்பை மறித்து, ஏலக்காய்த் தோட்டத்து வேலை முடிந்து திரும்பிய பெண்களை இறக்கிவிட்டு, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாய். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் உட்கார்ந்திருந்தாய். உன் வெள்ளைச் சட்டை எல்லாம் சேறு. “ஏம்ப்பா போன எடுக்கல?” என்று கேட்டாய். நான் உன்னைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

அதன் பிறகு அவர் ஒன்றரை வருடம் கட்டிலில் கிடந்தார். சம்பளத்தோடு விடுப்பு எடுக்க வாய்ப்பிருந்த உன் பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். எனக்குச் சம்பளமில்லாத விடுப்புகூடக் கொடுக்கவில்லை. “மொதலாளிகிட்ட கேட்டுப் பாத்தேன், ஒங்களுக்கு மட்டும் குடுத்தா எல்லாரும் அப்பாவப் பாக்கக் கெளம்பிருவாகன்னு சொல்றாக” என்றார் முதல்வர். உன் அம்மாவும் நீயுந்தான் அவரைத் திருப்பிப் படுக்க வைத்தீர்கள். நான் என் கோபங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நீ எதை எண்ணிக்கொண்டிருந்தாய் என்பது இத்தனை வருடம் கழித்து ஒரு ஓய்வூதியத் திட்டத்தின் கட்டத்தில்தான் எனக்குத் தெரிகிறது.

ஆனாலும் சொல்கிறேன், நாற்பத்தைந்து என்று போடாதே. இது கோபத்தில் சொல்வது இல்லை. பதினெட்டு வருடம் கட்டிவிட்டு நாற்பது வருடம் வாங்கித் தின்ன நினைத்தால் தட்டில் என்ன விழும் என்று கணக்குப் போடு. உனக்கு நன்றாகவே கணக்கு வரும். கல்யாணம் ஆகி ஓரிரு வருடத்தில் ஒரு பிள்ளை பிறந்தால், உன் நாற்பத்தைந்தில் அது பிளஸ் ஒன் படிக்கும். செலவு தொடங்குகிற வாசலில் நீ வேலையை விட்டு வருவாய். பவித்ராவின் வேலை என்ன ஆகும் என்று கேட்டாயா? நான் எழுபத்து மூன்றில்தான் விழுவேன் என்று யார் சொன்னது? நாளைக்கே பேருந்துப் படிக்கட்டில் விழலாம். அல்லது தொண்ணூறு வரைக்கும் விழாமலே இருந்துவிடலாம். அப்போது நீயும் நானும் வேலை வெட்டி இல்லாமல் எதிரெதிரே நாற்காலி போட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், விழுவதைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. நான் உன்னை வைத்து ஒரு வயதைக் குறித்தேன். அந்த வயது வந்து நிற்கும்போது, இத்தனை வருடம் உனக்காகத்தான் அந்த வெயிலில் நின்றேன் என்று உன்மேலேயே கோபம் வந்தது. போனில் நீ வாங்கியது அந்தக் கோபம். நாளைக்கு நீ என்மேல் அதே கோபத்தோடு என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது.

நேற்றுத் தேனிக்குப் போய் என் விஷயத்தை முடித்துவிட்டேன். கிளை அலுவலகத்தில் உன் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அறுபதுக்குத் தள்ளிப்போட வேண்டும் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன சார், எல்லாரும் சீக்கிரம் குடு, சீக்கிரம் குடுன்னு சண்டைக்கு வர்றாக. நீங்க தள்ளிப்போடச் சொல்றீக?”

“என் மகன் சீக்கிரம் வரப்பாக்குறாம்மா.”

“வந்தா நல்லதுதான சார்?”

கையெழுத்து எங்கே என்று கேட்டேன். அவள் விரல் வைத்துக் காட்டினாள், போட்டேன்.

இன்னும் ஐந்து கோடை. வருசநாட்டுக்கோ போடிக்கோ எங்கே அனுப்பினாலும் போக வேண்டும். அந்தப் பையனைத்தான் சார் என்று கூப்பிட வேண்டும். என் முழங்கால் இப்போதே மாடிப்படியில் நின்று யோசிக்கிறது, சர்க்கரை வேறு. தாக்குப்பிடிப்பேனா என்று தெரியாது. ஆனால் அறுபதில் கைக்கு வருவதில் என்னைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்கலாம். நீ உன் வேலையை விட்டு வர வேண்டியதில்லை. மறுபடியும் உன்னை வைத்துத்தான் என் வயதைக் குறித்திருக்கிறேன் என்பது கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. திட்டாதே. உனக்குச் சொல்கிற புத்தி எனக்கு இல்லை என்று வைத்துக்கொள்.

நீ அறுபது என்று போடு. உன் உடம்பையும் உன் வேலையையும் பவித்ராவையும் பார்த்து அறுபது என்று போடு. கேட்கமாட்டாய் என்று தெரியும். கொடி ஓயட்டும் என்று ஊரே சொல்லியும் உன் தாத்தா கேட்கவில்லை. நீ அந்த ரத்தம். என்னை வைத்துத்தான் குறிப்பேன் என்று பிடிவாதமாக நின்றால், கணக்கையாவது சரியாகப் போடு. தாத்தாவின் எழுபத்து மூன்று, ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு உன் பெரியப்பா குத்துமதிப்பாகச் சொன்னது. அதை விட்டுவிடலாம், இனி தாத்தாவிடம் போய்க் கேட்க முடியாது. ஆனால் ஆதாரில் இருப்பது என் வயது இல்லை. கை எட்டாத பிள்ளையின் கழுத்தைச் சாய்த்துப் பிடித்து ஏற்றிய இரண்டு வருடம் அதில் இருக்கிறது. அதைக் கழித்துவிடு, என் நிஜமான எழுபத்து மூன்று இரண்டு வருடம் தள்ளித்தான் வரும். நாற்பத்தேழு என்று போடு.

அந்த இரண்டு வருடம் கூடுதலாக வேலை பார். அதுவரைக்கும் நான் விழாமல் இருந்துகொள்கிறேன்.

அப்பா